இரண்டாம் ஓலைக்கு ஓர் ஆட்சேபணை

கொல்லயில்,
15 ஜூன் 2025

என் தங்கை லேகா பெற்ற ஒரே செல்வமும், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் ஒளிவிளக்கும், தாய்மாமனை வாட்சப்பில் பூட்டிப்போட்ட கல்நெஞ்சக்காரியுமான அஜிஷாவுக்கு ராஜதாஸ் மாமா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்மேல் இருப்பதாக. என்மேல் இல்லை என்று தெரிகிறது.

இங்கே அனைவரும் சுகம். உன் மாமி விமலகுமாரியின் முட்டுவலி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறது. என் சர்க்கரை, கரும்பு ஆலைகள் பொறாமைப்படும் அளவில் இருக்கிறது. உன் சுகம் எப்படி?

நாற்பத்தேழு செய்தி அனுப்பினேன். நாற்பத்தேழுக்கும் ஒற்றை டிக். ஃபோன் கெட்டுவிட்டதோ என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, "உங்கள பிளாக் செய்திருக்காங்க மாமா" என்றான், மரணச் செய்தி சொல்லும் முகத்தோடு. கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

நான் செய்த பாதகம் என்ன? நீ பார்த்துக்கொண்டிருந்த கொரியா நாடகத்தில் ஆஸ்பத்திரி முதலாளியம்மாதான் நாயகனின் சொந்தத் தாய் என்று சொன்னேன். மூன்றாம் எபிசோடிலேயே இருவரும் ஒரே மாதிரி மூக்கைச் சொறிகிறார்கள்! கண் உள்ள யாருக்கும் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்து, இந்தக் கொரியா வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்து, டிவியில் உன் கணக்கையும் திறந்து வைத்துவிட்டுப் போனவள் நீ. இப்போது நோயாளியைத் தெருவில் விட்டால் எப்படி?

எனக்கும் அந்த ஜனத்தின்மேல் கோபம் உண்டு, கேட்டுக்கொள். முப்பத்திரண்டு வருடம் இந்தக் கேரள எல்லையோரப் பாறசாலை பஸ் டெப்போவில் கண்டக்டராக இருந்தவன் நான். ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடக்கும் இப்படி ஒரு இனத்தைப் பூலோகத்தில் கண்டதில்லை. காதலைச் சொல்ல வாய் திறந்தால் லாரி வருகிறது. லாரி இடித்தால் ஞாபகம் போகிறது. ஞாபகம் திரும்ப ஆறு எபிசோடு. ஒரு எபிசோடு எழுபது நிமிடம். அந்த நேரத்தில் நான் கேரளத்தின் வடகோடிக் காசர்கோடு போய்ச் சாயா குடித்துத் திரும்பியிருப்பேன்.

அது போகட்டும். நீ இப்போது பார்க்கும் பல் டாக்டர் கதையில், அந்தப் பல் டாக்டர் கடைசியில்

(மேலே கோடு இழுபட்டிருப்பது உன் மாமி பேனாவைப் பிடுங்கியதால். "அந்தப் பிள்ளைக்க சாபம் உங்களுக்கு எதுக்காக்கும்?" என்கிறாள்.)

பூட்டைத் திற.

உன் தீராப் பகையாளியும் மாமனுமான
ராஜதாஸ்

---

ஸ்ரீபெரும்புதூர்,
29 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். மாமியின் இரண்டு முட்டுகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மாத்திரை போட்டுவிட்டு அச்சு முறுக்கு தின்றால் சர்க்கரைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

பூட்டைத் திறக்க மாட்டேன். பத்து மணி நேரம் தொழிற்சாலையில் நின்று, பஸ்ஸில் தொங்கி, ஹாஸ்டலுக்கு வந்து, காலை நீட்டி ஒரு எபிசோடு போடுவதற்குள் உங்கள் செய்தி வந்து நிற்கிறது: "அவள் நடிக்கிறாள், அவளுக்குக் கேன்சர் இல்லை." என்னை அழக்கூட விடமாட்டேன் என்கிறீர்கள்.

ஃபோனிலும் கூப்பிட வேண்டாம். பஸ் எஞ்சின் பக்கத்தில் நின்று காது மந்தமானதிலிருந்து உங்கள் ஃபோன் எப்போதும் லவுட்ஸ்பீக்கரில்தான். போன மாதம் நான் உங்களிடம் வயிற்றுவலி என்று சொன்னது காரக்கோணம் வரை கேட்டு, அங்கிருந்து அம்மாவுக்குத் திரும்பி வந்தது, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனாக.

ஆகையால் தபால் மட்டும். கடிதம் வந்து சேரும்போது நான் அந்தக் கதையை முடித்திருப்பேன். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை எனக்கு ஜப்பான் மொழி வகுப்பு இருப்பதால் ஞாயிறுதான் பதில் எழுதுவேன்.

கொரியா உங்கள் இரத்தக் கொதிப்புக்கு ஆகாது. ஜப்பான் நாடகம் பாருங்கள். எழுதுபொருள் கடை வைத்திருக்கும் பெண்ணின் கதை ஒன்றை உங்கள் பட்டியலில் போட்டிருக்கிறேன். பதினோரு எபிசோடுதான். லாரி கிடையாது.

மாமாவுக்கு முத்தங்கள் கிடையாது, மாமிக்கு மட்டும்.
அஜிஷா

---

கொல்லயில்,
13 ஜூலை 2025

மகாராணி அஜிஷா சமூகத்துக்கு, தபால்காரரின் தயவால் உயிர்வாழும் மாமன் எழுதுவது. நாங்கள் சுகம். முட்டுவலி மறுபடி வலது காலுக்குத் திரும்பியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பதினோரு எபிசோடும் பார்த்தேன். மோளே, அது நாடகம் இல்லை. அது நீண்டநாள் மௌன விரதம்.

முதல் எபிசோடில் ஒருவன் கடைக்கு வந்து பேனா வாங்குகிறான். இரண்டாவதில் அதே பேனாவுக்கு மை வாங்குகிறான். ஐந்தாவதில் மழை. அவள் குடை கொடுக்கிறாள். எழுந்து உட்கார்ந்தேன், இனிமேல்தான் கதை என்று. பத்தாவது எபிசோடில் குடையைத் திருப்பிக் கொடுக்கிறான்! நடுவில் நான்கு எபிசோடு அந்தக் குடை அவன் வீட்டு மூலையில் ஒரு முதியவரைப் போலச் சாய்ந்து நிற்கிறது. அதைக் கேமராக்காரர் விடாமல் காட்டுகிறார். கடைசி எபிசோடில் இருவரும் பாலத்தில் நிற்கிறார்கள். இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று நான் சோஃபாவின் கையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவன் சொன்னது: "காற்று மாறிவிட்டது." அவள் சொன்னது: "ஆமாம்." முடிந்தது! பாட்டுப் போட்டு எழுத்து ஓடுகிறது!

"எலே, வாயைத் திறந்து செல்லுலே!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கறவைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. உன் மாமியோ முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். "எவ்வளவு சிநேகம் பாத்தீங்களா" என்கிறாள். எங்கே பார்ப்பது? எந்த எபிசோடில்?

மற்றொரு சங்கதி. கல்யாணத் தரகர் ஞானையன் உன் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். கோட்டுகாலிலிருந்து ஒரு வரன். பெயர் பிஜு. உன்னைப்போல் சென்னைப் பக்கம்தான் வேலையாம். அப்பா கனகதாஸ், சபையில் பெரிய ஆள். கூடப்பிறந்த தம்பி காதலித்துக் கட்டினான் என்பதற்காக அந்தக் கல்யாணத்துக்கே போகாமல், இருபத்திரண்டு வருடமாகத் தம்பி வீட்டுப் படியை மிதிக்காத மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டில் நீ போய் எப்படி மூச்சுவிடுவாய் என்று எனக்கு இப்போதே மூச்சு முட்டுகிறது. உன் அப்பா இருந்தால் அவர் கேட்டிருப்பார். இப்போது நான் கேட்கிறேன்: உனக்கு என்ன தோன்றுகிறது?

பதிலை எதிர்பார்த்து, சோஃபாவின் உடைந்த கையோடு,
ராஜதாஸ் மாமா

---

ஸ்ரீபெரும்புதூர்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம்தான். பசு திரும்பி வந்ததா?

குடை மூலையில் நிற்கும்போதெல்லாம் அதன் கீழே ஒரு துண்டு விரித்திருக்கிறது. நான்கு எபிசோடும் அந்தத் துண்டு மாறிக்கொண்டே இருக்கிறது. தினமும் ஒருவன் காய்ந்த குடைக்குப் புதுத் துண்டு விரிக்கிறான். அதைப் பார்க்காமல் லாரி வரவில்லை என்று கத்தினால் நான் என்ன செய்வது? மாமிக்குப் புரிந்திருக்கிறது. நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தீர்களா?

கோட்டுகால் விஷயம்: அம்மாவுக்குச் சரி என்றால் சரி. 17-ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். ஒருநாள் லீவுதான் கிடைக்கும்.

அன்புடன்,
அஜிஷா

---

கொல்லயில்,
20 ஆகஸ்ட் 2025

அன்பு மோளே,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இரயிலில் தூங்கினாயா? நாங்கள் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

இரண்டு நாளாக மனம் சரியில்லை. பெண்பார்க்க வந்தவர்கள் முன் நீ உட்கார்ந்திருந்த விதத்தை நினைத்தால் எனக்கு வாழைக்காய் வறுவல்கூட இறங்கவில்லை. (நான்கு துண்டு இறங்கியது.) முகத்தைத் தூக்கவே இல்லையே நீ! அந்த நீலக் கம்பளத்தில் என்ன எழுதியிருந்தது? வீட்டுக்குள் நுழைந்தது முதல் அவர்கள் "பிஜு, பிஜு" என்று பதினோரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். கடைசியில் நீ அந்தப் பையனைப் பார்த்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாய். இவள் மனம் இந்த வீட்டிலேயே இல்லை என்று அப்போதே தெரிந்தது. அவனும் சளைத்தவன் இல்லை. "பிஜு" என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரம் பழுதுபார்க்க வந்தவன்போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கனகதாஸ் கட்டை மீசையைத் தடவிக்கொண்டு உங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், ஒரு நீதிபதியைப்போல.

புறப்படும்போது வண்டிக்குப் பக்கத்தில் நான் கேட்டேன் அல்லவா? "பிடிச்சிருக்கா மக்களே?" நீ சொன்னது: "ம்."

இதை ஒரு பதிலாக எந்த நாட்டிலும் ஏற்கமாட்டார்கள். உன் அம்மா அதற்குள் போதகரிடம் தேதி பேசிவிட்டாள். செப்டம்பர் 21 முதல் ஓலை, 28 இரண்டாம் ஓலை, அதற்கடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை, அக்டோபர் 27 திங்கள்கிழமை கல்யாணம். மூன்று ஞாயிறு சபை நடுவில் உங்கள் பெயரை வாசித்து, "யாருக்காவது தடை உண்டா" என்று கேட்டு முடித்துவிட்டால், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதற்குமுன் ஒரே ஒரு வார்த்தை எழுது.

கவலையோடு,
மாமா

---

ஸ்ரீபெரும்புதூர்,
21 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆடிட் நேரம். நான் சுகம்.

நீங்கள் முடிவைச் சொல்லப் பார்த்த, நான் பாதியில் விட்டிருந்த அந்தப் பல் டாக்டர் கதையைக் கடைசியில் முடித்தேன். நேற்று முழுவதும் அழுதேன். அம்மா சொன்னாள் என்பதற்காக அந்தப் பெண் வெள்ளை உடுப்பில் போய் நிற்கிறாளே, கையில் பூ நடுங்குகிறதே, அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்களே மாமா. அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தராவது எழுந்து "வேண்டாம்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? அவளால் சொல்ல முடியவில்லை என்றால் யாருக்குமே தெரியாமலா போகும்? எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் கோபமாக வருகிறது.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அஜிஷா

---

கொல்லயில்,
28 செப்டம்பர் 2025, ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம்

என் தங்கமே, இனி நீ அழ வேண்டாம்!

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நான்கு தடவை படித்தேன். நீ சொல்லாததையெல்லாம் படித்துவிட்டேன். ராஜதாஸ் இருக்கும் மண்டபத்தில் எந்தப் பெண்ணுக்கும் பூ நடுங்காது.

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். போதகர் அறிவிப்புகளை வாசித்தார். முதலில் வாலிபர் கூட்டம், அப்புறம் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, அப்புறம் ஓலை. "நமது சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற செல்லையன் மகள் அஜிஷாவுக்கும், கோட்டுகால் சபையைச் சேர்ந்த கனகதாஸ் மகன் பிஜுவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதாவது உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் அறிவிக்க வேண்டியது. இது இரண்டாம் ஓலை." சொல்லிவிட்டுத் தாளை மடிக்கப் போனார். இந்தச் சபை தோன்றிய நாள் முதல் எல்லாப் போதகர்களுக்கும் அந்த இடத்தில் தாளை மடித்துத்தான் பழக்கம்.

நான் எழுந்தேன்.

"ஆட்சேபணை உண்டு!"

கண்டக்டர் தொண்டை, தெரியுமல்லவா? ஓட்டில் இருந்த புறாக்கள் மொத்தமும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டன. ஆர்கன் வாசிக்கும் பெண் பயத்தில் இரண்டு கையையும் கட்டைகளில் ஊன்ற, ஒரு பேரொலி எழுந்தது. இந்தத் தருணத்துக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இசை கொரியாவிலேயே கிடையாது. 

"அண்ணா, இரியும்! இரியும் செல்லுதேன்!" என்று உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து கத்தினாள். பின்வரிசையில் யாரோ, "எலே, பெண்ணுக்க மாமனாக்கும்!" என்றார்கள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆட்சேபணைக்குக் காரணம்?"

மோளே, அந்த இடத்தில்தான் சற்றுத் தடுமாறினேன். மண்டபத்தில் எழுந்து நிற்பவனிடம் கொரியாவில் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். இங்கே பிடிக்கக் கை இல்லை. கை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்: "பெண்ணுக்குச் சம்மதம் இல்லை."

"எழுத்தில் தாரும்" என்றார். கொடுத்துவிட்டேன். விசாரித்து முடிக்கும்வரை மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டார்கள். உன் அம்மா என்னோடு பேசவில்லை. உன் மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சோறு மட்டும் வைத்தாள், மீன்குழம்பு வைக்கவில்லை. பரவாயில்லை. வீரர்களுக்கு வெறும் சோறு புதிதல்ல.

நன்றி சொல்ல வேண்டாம். பூட்டை மட்டும் திற.

உன் சொந்த மாமன்,
ராஜதாஸ்

---

ஸ்ரீபெரும்புதூர்,
1 அக்டோபர் 2025
(ஸ்பீடு போஸ்ட். மாமாவைத் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது.)

மாமா,

சுகமா என்று கேட்க மாட்டேன். நான் சுகமாக இல்லை.

ஞாயிறு மத்தியானத்திலிருந்து அம்மா அறுபது தடவை கூப்பிட்டுவிட்டாள். நீங்கள் செய்ததை அவள் வாயால் கேட்டேன். உங்கள் கடிதம் இன்று வந்தது. அதில் நீங்கள் சந்தோஷமாக வேறு இருக்கிறீர்கள்!

பல் டாக்டர் கதையைப் பற்றி எழுதினால் அது பல் டாக்டர் கதையைப் பற்றியது. என்னைப் பற்றியது அல்ல. எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம். உங்களுக்குத் தெரிந்த எல்லா எபிசோடுகளையும் கூட்டினால் எத்தனை வருமோ, அத்தனை சம்மதம்.

பிஜுவை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். சனிக்கிழமை ஜப்பான் மொழி வகுப்பில் பக்கத்து பெஞ்ச். ஞானையனை எங்கள் வீட்டுக்கு அனுப்பியதே பிஜுதான், எங்கிருந்தோ தானாக வந்த வரன்போல. அவன் அப்பாவுக்கு இது காதல் என்று தெரிந்தால் அந்த நிமிடமே முடிந்தது. தம்பியையே இருபத்திரண்டு வருடமாக ஒதுக்கிவைத்தவர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். அதனால்தான் பெயர் கேட்டேன். அதனால்தான் கம்பளத்தைப் பார்த்தேன். முகத்தைத் தூக்கியிருந்தால் நான் சிரித்திருப்பேன், மாமா.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு கதையின் முடிவையாவது இதுவரை யாரிடமாவது சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா? என் கதையின் முடிவை எப்படி உங்கள் கையில் தருவேன்?

இப்போது அவன் அப்பா பிஜுவிடம், "அந்த மாமனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, என்ன தெரிஞ்சிருக்கு?" என்று கேட்கிறாராம். பிஜுவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. ஆட்சேபணையை எழுத்தில் திரும்ப வாங்குங்கள். உண்மையைத் தவிர என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அம்மாவிடமும் மாமியிடமும் இதைச் சொல்லக் கூடாது. உங்களிடம் சொல்லியிருக்கிறேன் என்பதாலேயே கேட்கிறேன்: படித்ததும் இதை எரித்துவிடுங்கள்.

அஜிஷா

---

கொல்லயில்,
5 அக்டோபர் 2025

அஜிஷாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். "என்ன கடுதாசியாக்கும்?" என்று உன் மாமி கேட்டாள். "கரண்டு பில்" என்றேன். "அதை எதுக்கு எரிக்கணும்?" என்றாள். "கூடுதலா இருந்தது" என்றேன்.

நேற்று சபைக் கமிட்டி முன்னால் நின்றேன். ஐந்து பேர். பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்று யார் சொன்னார்கள் என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, கொரியா நாடகங்கள் அதிகமாகப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றிவிட்டது என்றேன். போதகர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். "தங்கச்சிக்க மகளுக்க கல்யாணத்தை டிவி பாத்தா ஓய் நிறுத்தினீரு?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொருவர் மட்டும் தனியே வந்து எந்த நாடகம் என்று பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

இன்று ஆராதனையில் எழுந்து நின்று, ஆட்சேபணையைத் திரும்ப வாங்குவதாக நானே வாசித்தேன். சிரித்தார்கள். வாலிபர் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே. மூன்றாம் ஓலை வரும் ஞாயிறு 12-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் காணிக்கைப் பை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் எவனாவது பின்னாலிருந்து "ஆட்சேபணை உண்டு!" என்கிறான். முப்பத்திரண்டு வருடம் "முன்னால போங்க" என்று கத்திய எனக்கு இது தண்டனைதான்.

லேகா இன்னும் வீட்டுப்பக்கம் வரவில்லை. வந்தால் விளக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லக் கூடாதே.

கனகதாஸ் 12-ஆம் தேதி நம் சபைக்கே நேரில் வருகிறாராம்.

மாமா

---

ஸ்ரீபெரும்புதூர்,
8 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா? மாமி மீன்குழம்பு வைத்தாளா?

போன கடிதத்தை இன்னும் நிதானமாக எழுதியிருக்கலாம். ஆனால் கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிஜுவின் அப்பா உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பிஜு நூறு தடவை கேட்டுவிட்டான்.

அஜிஷா

---

கொல்லயில்,
12 அக்டோபர் 2025

அன்பு மோளே,

கர்த்தருடைய கிருபையால் மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. இனி கல்யாணத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் உட்பட.

"யாருக்காவது தடை உண்டா" என்று போதகர் கேட்டபோது சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. கைக்குழந்தைகள்கூட. உன் மாமி என் சட்டையின் பின்பக்கத்தைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். போதகர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்து நின்றார். நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை மடித்தார்.

வெளியே வந்ததும் லேகா பக்கத்தில் வந்து, "மத்தியானம் சாப்பிட வாரும் அண்ணா" என்றாள். போனேன்.

கனகதாஸ் அவர்கள் வந்திருந்தார். கார்வரைக்கும் கூடப் போனேன். மழையைப் பற்றிப் பேசினோம். ரப்பருக்கு இந்த மழை ஆகாது என்றார். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. பிஜுவைச் சாப்பிடச் சொல்.

இங்கே விசேஷம் வேறு ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மாமா

---

கொல்லயில்,
13 அக்டோபர் 2025

கோட்டுகால் சபையின் தூணும் இனிமேல் எங்கள் சம்பந்தியுமான மதிப்பிற்குரிய கனகதாஸ் அவர்களுக்கு, ராஜதாஸ் எழுதும் இரகசியக் கடிதம். தாங்களும் வீட்டு அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

நேற்றுக் காருக்குப் பக்கத்தில் நீங்கள் என் தோளைப் பிடித்து, "உமக்கு என்ன தெரியும் ஓய்?" என்று கேட்டபோது, ஒன்றும் தெரியாது, டிவி பார்த்துப் புத்தி கெட்டது என்று நான் சொன்னேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கதையின் முடிவு தெரிந்தும் சொல்லாமல் நின்றேன். ஐந்து நிமிடம் நீங்கள் என்னை உலுக்கியும் சொல்லவில்லை. உடனே நீங்கள் சிரித்தீர்களே, மீசைக்குள்ளே! "நல்லது. அப்போ உம்மை நம்பலாம்" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகல்லவா உங்கள் கதையைச் சொன்னீர்கள்!

போன வருடம் மகனுக்குத் தெரியாமல் அவனைப் பார்க்கத் தாம்பரத்தில் இரயிலை விட்டு இறங்கியதும், தூணுக்கு அந்தப் பக்கம் அவனும் எங்கள் அஜிஷாவும் ஒரே பொட்டலத்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும், அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று திரும்ப அதே பெட்டியில் ஏறி எழும்பூர் வரை போனதும். பிள்ளைகள் அனுப்பும்முன்பே ஞானையனுக்கு நீங்கள் சொல்லி வைத்திருந்ததும். தம்பி கல்யாணத்துக்குப் போகாததை நினைத்து நினைத்து, காதல் கல்யாணத்துக்கு நிற்கமாட்டேன் என்று சொன்ன வாக்கை விழுங்கவும் வெட்கப்பட்டு, இவர்கள் தாங்களாகவே ஏமாற்றட்டும், நான் ஏமாந்தவனாகவே இருந்துவிடுகிறேன் என்று நீங்கள் இருந்த இருப்பும். இரண்டாம் ஓலையில் நான் எழுந்து நின்றதும், எல்லாம் உடைந்துவிட்டது என்று நீங்கள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததும்.

உங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் பட்டினி. அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினீர்கள். நேற்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். மழையைப் பற்றிப் பேசியதாக எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மூன்று தாளைக் கிழித்தேன். சொல்லாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டார்ட் ஆகி நிற்கிறது. பெல் அடிக்கக் கூடாது என்கிறீர்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. 27-ஆம் தேதி பிள்ளைகள் இருவரும் முன்னேபின்னே தெரியாதவர்கள்போல் மேடையில் வந்து நின்று, வெட்கப்பட்டு, ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் அளந்து, உங்களுக்காக முழுமூச்சாக நடிக்கப் போகிறார்கள். முதல் வரிசையில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டும். நாம் ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தால் தயவுசெய்து என் காலை மிதியுங்கள். உங்களுக்கு வந்தால் நான் மிதிக்கிறேன். இடது காலாக இருக்கட்டும். வலது காலில் எனக்கு ஆணி.

தங்கள் தாழ்மையுள்ள சம்பந்தி,
ராஜதாஸ்